நூறு சதவீதப் பள்ளியா, 84 சதவீதப் பள்ளியா?

கேள்வி — 9 மே 2025

என் மகள் ஜூன் மாதம் ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாள். பள்ளி மாற்ற வேண்டிய நிலை. எங்கள் ஊருக்கு எட்டும் தூரத்தில் இரண்டு பள்ளிகள்தான். தனியார் பள்ளி ஆண்டுதோறும் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பேருந்து நிலையத்தில் பதாகை கட்டுகிறது. அரசு மேல்நிலைப் பள்ளி நேற்று வந்த பிளஸ் டூ முடிவில் 84 சதவீதம். எண் தெளிவாகத்தானே பேசுகிறது? இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

9 மே, இரவு

யோசிக்க நிறைய இருக்கிறது. எத்தனை பேரில் நூறு, எத்தனை பேரில் 84 என்று முதலில் கேளுங்கள். அதற்கடுத்து, அதே பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது எத்தனை பேர் என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு உடனே பதில் கிடைக்கும். இரண்டாவதற்குக் கிடைப்பது கடினம்.

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். தேர்ச்சி விகிதம் என்பது தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேர்ச்சி பெற்றார்கள் என்ற கணக்கு. நேற்றைய முடிவில் 7,92,494 பேர் எழுதி 7,53,142 பேர் தேர்ச்சி, அதாவது 95.03 சதவீதம். எழுதாமல் போனவர்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை. 2023இல் பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்குச் சுமார் 50,000 பேர் வரவில்லை என்று பெரிய செய்தி வந்தது நினைவிருக்கும். அந்த ஆண்டு எழுதியவர்கள் 8,03,385, தேர்ச்சி 7,55,451. விகிதம் 94.03 என்று அறிவித்தார்கள். வராத அந்த ஐம்பதாயிரம் பேரையும் சேர்த்து வகுத்துப் பாருங்கள். 88, 89 சதவீதத்துக்குள் வந்து நிற்கும். ஐந்து புள்ளிக்கு மேல் வித்தியாசம். பள்ளிகளில் எதுவும் மாறவில்லை, வகுக்கும் எண் மட்டும்தான் மாறியது.

மாநில அளவிலேயே இப்படியென்றால் ஒரு பள்ளிக்குள் இது எவ்வளவு பெரிதாகும் என்று பாருங்கள். ஒன்பதாம் வகுப்பு முடியும் ஏப்ரலில் சில பள்ளிகளில் பெற்றோரைத் தனித்தனியாக அழைப்பார்கள். “உங்கள் பையனுக்கு இங்கே பத்தாம் வகுப்பு சிரமம். பாஸ் போட்டு டி.சி. தந்துவிடுகிறோம், வேறு இடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்பார்கள். அந்தப் பையன் ஜூனில் எங்கள் வகுப்புக்கு வருவான். எட்டாண்டு, ஒன்பதாண்டு கட்டணம் வாங்கியவர்கள் கற்றுக்கொடுக்காததை நாங்கள் பத்து மாதத்தில் கற்றுக்கொடுக்க வேண்டும். அவன் தவறினால் விகிதம் குறைவது எங்களுக்கு. அவன் போனதால் நூறு ஆவது அவர்களுக்கு. கொள்முதல் நிலையத்தில் காய்ந்த மூட்டையை மட்டும் தராசில் ஏற்றிவிட்டு ஊரின் விளைச்சலே இதுதான் என்று சொல்வதைப் போன்றது இது.

10 மே

“அரசுப் பள்ளிகள் மட்டும் யோக்கியமா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. பொதுத்தேர்வு எழுதப்போகிறவர்களின் பெயர்ப் பட்டியலான நாமினல் ரோல் தயாரிக்கும் மாதங்களில் ‘நீண்ட நாள் வராதவர்’ என்ற பட்டியல் எங்களிடமும் நீளும். பெற்றோருடன் செங்கல் சூளைக்குப் போன பிள்ளையைத் தேடிக் கொண்டுவருவதும் உண்டு, போனது போகட்டும் என்று விடுவதும் உண்டு. எது நடக்கும் என்பது தலைமையாசிரியரைப் பொறுத்தது.

2023 தமிழ்த் தேர்வில் நடந்தது இதற்கு நேர்மாறானது. கொரோனா காலத்தில் தேர்வின்றித் தேர்ச்சி பெற்று, பின்னர் பள்ளிப் பக்கமே வராத பலரின் பெயர்கள் பதிவேட்டில் இருந்தன, ஆள் இல்லை. பெயரை நீக்கினாலும் வைத்திருந்தாலும் அந்தப் பிள்ளை எங்கே போனது என்ற கேள்விக்கு விகிதத்தில் இடமே இல்லை.

12 மே

விகிதத்தை வைத்துப் பள்ளியை அளந்தால் பள்ளிக்குள் என்ன நடக்கும் என்பதை எழுதுகிறேன். வெளியில் இருப்பவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

முடிவு வந்த சில வாரங்களில் ஆய்வுக் கூட்டம். பாடவாரியாக விகிதம் திரையில் வரும். மாநில சராசரிக்குக் கீழே இருக்கும் ஆசிரியர்கள் எழுந்து நிற்க வேண்டும். மூத்த ஆசிரியர்கள், தம்மிடம் படித்தவர்களே சக ஆசிரியர்களாக அமர்ந்திருக்கும் அரங்கில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். விளக்கக் கடிதம் கேட்பார்கள். சில ஆண்டுகளில் ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(அ) நோட்டீஸ் வரை போயிருக்கிறது. அந்தப் பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது என்ன தெரிந்து வந்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

அடுத்த ஆண்டு ஜனவரியில் அந்த ஆசிரியர் என்ன செய்வார்? பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வின் அமைப்பைப் பாருங்கள். ஒரு மதிப்பெண் வினா 14. இரண்டு மதிப்பெண்ணில் 10 வினாக்கள், ஐந்து மதிப்பெண்ணில் 10. கடைசியில் எட்டு மதிப்பெண்ணில் இரண்டு: ஒன்று வடிவியல் வரைதல், மற்றது வரைபடம். தேர்ச்சிக்கு 35 போதும். வடிவொத்த முக்கோணமும் தொடுகோடும் வரையப் பழக்கினால் எட்டு. வரைபடத்தில் இன்னொரு எட்டு. புத்தகத்தின் பின்பக்க ஒரு மதிப்பெண் வினாக்களை மனப்பாடம் செய்ய வைத்தால் ஏழெட்டாவது தேறும். இரண்டு மதிப்பெண்ணில் எளிதாக வரும் சிலவற்றைச் சேர்த்தால் 35 வந்துவிடும். ‘மெல்லக் கற்போர்’ என்று பெயரிட்டுத் தனியே உட்கார வைத்த பிள்ளைகளுக்கு மூன்று மாதம் இதே வேலைதான். அவர்களுக்கென்று அச்சிட்ட குறைந்தபட்சக் கையேடு வரும். இயற்கணிதத்தை அவர்கள் தொடவே மாட்டார்கள்.

பிளஸ் டூ இயற்பியலில் எழுத்துத் தேர்வு 70க்கு. அதில் 15 மதிப்பெண் எடுத்தாக வேண்டும், மொத்தத்தில் 35 வர வேண்டும். ஒரு மதிப்பெண் வினாக்கள் எத்தனை தெரியுமா? 15. மீதி 30 மதிப்பெண் செய்முறைக்கும் அக மதிப்பீட்டுக்கும். அவை பள்ளியிலேயே போடப்படுபவை.

இதில் யாரும் விதி மீறவில்லை. பிள்ளை தேர்ச்சி பெறுகிறது, வீட்டில் மகிழ்ச்சி, பள்ளிக்குப் பாராட்டு. இரண்டு ஆண்டு கழித்து அதே பிள்ளை பாலிடெக்னிக்கில் பின்னக் கூட்டல் தெரியாமல் திணறி வெளியே வரும்போது அது எந்தப் பள்ளியின் விகிதத்திலும் ஏறாது.

நான் இந்தப் பயிற்சியை வெறுத்து ஒதுக்குபவன் அல்ல. 35 எடுக்காத பெண்ணுக்கு அடுத்த மாதமே திருமணம் பேசும் ஊர்களில் வேலை பார்த்திருக்கிறேன். அங்கே அந்த 35 ஒரு பெண்ணின் நான்கு ஆண்டுகளைக் காப்பாற்றுகிறது. அதற்காகவே இரவு வகுப்பும் எடுக்கிறேன். ஆனால் அந்த 35ஐக் காட்டி ‘இந்தப் பள்ளியில் கணக்கு நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள்’ என்று யாராவது சொன்னால் என்னால் ஏற்க முடியாது.

13 மே

சென்டம், அதாவது நூற்றுக்கு நூறு எடுப்பது பற்றிக் கேட்டவருக்கு: கவனம் இரண்டு முனைகளில் குவிகிறது. 95 எடுப்பவரை நூறாக்க வேண்டும், 30 எடுப்பவரை 35 ஆக்க வேண்டும். 60 எடுக்கும் பிள்ளையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவளை 75க்குக் கொண்டுபோனால் விகிதத்திலும் தெரியாது, பதாகையிலும் வராது. என் வகுப்பில் பெரும்பாலோர் அந்த அறுபதுகள்தான்.

17 மே

நேற்று பத்தாம் வகுப்பு முடிவு. 8,71,239 பேர் எழுதி 8,17,261 பேர் தேர்ச்சி, 93.80 சதவீதம். எங்கள் பள்ளிப் பிள்ளைகளில் சிலர் தவறியிருக்கிறார்கள். ஜூலைத் துணைத் தேர்வுக்கு இப்போதே பெயர் கொடுக்க வைத்திருக்கிறேன்.

முடிவு நாளில் எல்லோரும் செய்யும் ஒரு கணக்கு என்னை மிகவும் உறுத்துகிறது. கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் 20 பேர் எழுதுகிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் தவறினால் 95. இருவர் என்றால் 90. ஒருவனுக்குத் தேர்வன்று காய்ச்சல் என்பதால் ‘மாநில சராசரிக்கு மேல்’ இருந்த பள்ளி ‘கீழே’ வந்துவிடும். 300 பேர் எழுதும் பள்ளியில் ஒருவர் தவறினால் புள்ளி மூன்றுதான் குறையும். ஆகவே பட்டியலின் உச்சியிலும் அடியிலும் சின்னப் பள்ளிகள் குவிவது இயல்பு. கற்பித்தல் நன்றாக இருந்தாலும் மோசமாக இருந்தாலும் அப்படித்தான் வரும். போன ஆண்டு நூறு என்று கேடயம் வாங்கிய தலைமையாசிரியரை இந்த ஆண்டு 90க்காக நிற்கவைப்பதில் என்ன பொருள் இருக்கிறது? மூன்று, நான்கு ஆண்டு முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

18 மே

இளம் ஆசிரியர் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். இத்தனை கோளாறு என்றால் எண்களையே விட்டுவிடலாமே என்பது அவர் கருத்து. தம்பி, அங்கே எனக்கு உடன்பாடில்லை.

எண் இல்லாத காலத்தில் மலையடிவாரப் பள்ளியில் ஆண்டு முழுதும் கணக்கு ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தாலும் கேட்க நாதி கிடையாது. பட்டியலில் கடைசியில் வரும் மாவட்டங்களைப் பற்றிச் சட்டமன்றத்தில் பேசுகிறார்கள் என்றால் அந்தப் பட்டியல்தான் காரணம். விருதுநகர் மாவட்டம் நெடுங்காலம் முதலிடத்தில் நின்றதைப் பார்த்துத்தான் மற்ற மாவட்டங்கள் மாலை வகுப்புகளைத் தொடங்கின.

இந்த ஆண்டு பிளஸ் டூவில் மாணவிகள் 96.70, மாணவர்கள் 93.16. பல ஆண்டுகளாகவே பையன்கள் பின்தங்குகிறார்கள். விடுமுறையில் வேலைக்குப் போன பையன் கையில் காசு பார்த்ததும் வகுப்புக்குத் திரும்புவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அது என் ஒரு வகுப்பின் கதை. மாநிலம் முழுதும் அப்படியா என்று கேட்க வைப்பது அந்த மூன்றரைப் புள்ளி இடைவெளிதான்.

எண்ணை வைத்து ஒரு பள்ளிக்குள் போய்க் கேள்வி கேளுங்கள். எண்ணையே தீர்ப்பாக்கி வாசலில் எழுதி ஒட்டாதீர்கள். என் நிலை இதுதான். 2017இல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதைத் தமிழக அரசு நிறுத்தியபோது பலர் கொதித்தார்கள். எனக்கு அது பெரிய நிம்மதி. மாணவருக்குத் தந்த அந்த விடுதலையைப் பள்ளிகளுக்கு இன்னும் தரவில்லை. நூறு சதவீதத் தேர்ச்சி கொடுத்த அரசுப் பள்ளிகள் இந்த ஆண்டு 400க்கும் மேல். அவற்றைப் பாராட்டுவதில் தவறில்லை. அந்தப் பாராட்டு விழாவின் பட்டியலே மற்றவர்களைத் துரத்தும் சாட்டையாக மாறுவதுதான் தவறு.

25 மே

தேர்வு முடிவை வைத்துப் பள்ளியை அளப்பதை அமெரிக்காவில் நம்மைவிடக் கடுமையாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். 2002 ஜனவரியில் அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட ‘நோ சைல்டு லெஃப்ட் பிஹைண்ட்’ சட்டம் மூன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு வைக்கச் சொன்னது. 2014க்குள் எல்லாப் பிள்ளைகளும் தேர்ச்சி நிலையை எட்ட வேண்டும் என்பது இலக்கு. ஆண்டு இலக்கைத் தொடர்ந்து தவறவிடும் பள்ளிகளுக்கு நடவடிக்கை படிப்படியாகக் கூடும், நிர்வாகமே மாற்றப்படலாம். 2014 வந்தது, இலக்கு நிறைவேறவில்லை. 2015 டிசம்பரில் வேறு சட்டம் கொண்டுவந்து பிடியைத் தளர்த்தினார்கள்.

இடையில் அட்லாண்டா நகரில் நடந்ததை எல்லா ஆய்வுக் கூட்டத்திலும் படித்துக் காட்ட வேண்டும். 2009 தேர்வின் விடைத்தாள்களில் தவறான விடையை அழித்துச் சரியான விடை குறித்த தடயங்கள் இயல்புக்கு மிஞ்சி இருந்தன. மாநில விசாரணை 2011இல் முடிந்தது. ஆராய்ந்த 56 பள்ளிகளில் 44இல் மோசடி நடந்திருந்தது. ஆசிரியர்களும் முதல்வர்களுமாக 178 பேர் பெயர் அறிக்கையில் வந்தது. 2015இல் 11 பேரைக் குற்றவாளிகள் என நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த நகரக் கல்வித் தலைவர் பெவர்லி ஹால் அதே 2009இல்தான் நாட்டின் சிறந்த கல்வித் தலைவர் விருது பெற்றிருந்தார்.

அந்த 178 பேரும் திருடர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. எண் வந்தே தீர வேண்டும், எப்படி வந்தாலும் கேட்க மாட்டோம் என்று ஒரு நிர்வாகம் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தால் அழிப்பானைக் கையில் எடுக்க ஆள் வரும். டொனால்டு கேம்ப்பெல் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களிலேயே இதை எழுதிவிட்டார்: சமூகம் பற்றிய முடிவெடுக்க ஓர் எண்ணை எவ்வளவு அதிகம் நம்புகிறோமோ, அந்த அளவுக்கு அந்த எண்ணும் கெடும், அது அளக்க வந்த விஷயமும் கெடும்.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு விதி எனக்குப் பிடித்தது. பள்ளியில் 95 சதவீத மாணவராவது தேர்வு எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் மற்றவர்கள் எவ்வளவு நன்றாக எழுதினாலும் இலக்கை எட்டியதாகக் கொள்ளமாட்டார்கள். யாரை எழுத விடாமல் செய்கிறார்கள் என்பதையும் சேர்த்தே அளந்தார்கள். நம்மிடம் அது இல்லை.

27 மே

லண்டனில் இருந்து ஒரு தாய் ‘ப்ராக்ரஸ் 8’ பற்றி எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் 1992 முதல் பள்ளிகளின் தேர்வு முடிவு அட்டவணை வெளியாகிறது. 16 வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வில் ஐந்து பாடங்களில் ‘சி’ அல்லது அதற்கு மேல் எடுத்தவர்கள் எத்தனை சதவீதம் என்பதுதான் நெடுநாள் அளவுகோல். டி-யில் நிற்கும் பிள்ளையை சி-க்குத் தள்ளுவதே பள்ளிகளின் முழு நேர வேலையானது. நம் 35 கதைதான்.

2016இல் அளவை மாற்றினார்கள். அதுதான் ப்ராக்ரஸ் 8. 11 வயதில் ஒரே அளவு மதிப்பெண் எடுத்த பிள்ளைகள் நாடு முழுதும் 16 வயதில் சராசரியாக எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து, இந்தப் பள்ளிப் பிள்ளைகள் அதற்கு மேலா கீழா என்று கணக்கிடுகிறார்கள். தொடங்கிய இடம் கணக்கில் வருகிறது. என் அறுபதுகள் 75 எடுத்தால் அங்கே அது பதிவாகும்! குறை இதிலும் உண்டு. வீட்டின் வறுமையையும் பயிற்று மையச் செலவையும் இந்தக் கணக்கு பிரித்துப் பார்ப்பதில்லை. கொரோனாவால் 2020, 2021இல் அந்த 11 வயதுத் தேர்வு நடக்கவில்லை. அதனால் 2025, 2026 முடிவுகளுக்கு ப்ராக்ரஸ் 8 கணக்கிடவே முடியாது.

8 ஜூன்

இது புதிய நோயும் அல்ல. 1862இல் இங்கிலாந்தில் ராபர்ட் லோ கொண்டுவந்த விதிப்படி, ஆய்வாளர் வந்து வைக்கும் தேர்வில் எத்தனை பிள்ளைகள் தேறுகிறார்களோ அதைப் பொறுத்துத்தான் பள்ளிக்கு மானியம். அதே முறை சென்னை மாகாணத்துக்கும் வந்தது. திண்ணைப் பள்ளி வாத்தியார்களும் ஆய்வாளரின் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்தால்தான் காசு பார்க்க முடியும் என்ற நிலை உருவானது. 1904இல் வைஸ்ராய் கர்சன் ஆட்சியின் கல்வித் தீர்மானம் இந்த முறையைக் கைவிடச் சொன்னது. நூறாண்டுக்கு முன்பே கைவிடப்பட்டதைக் கேடயத்தின் பெயரில் நாம் மீண்டும் செய்துகொண்டிருக்கிறோம்.

9 ஜூன்

“கொரோனா ஆண்டில் எல்லாப் பள்ளியும் நூறு சதவீதம்தானே?” என்று கேட்டவருக்கு: ஆம். 2020இல் பத்தாம் வகுப்பும் 2021இல் பிளஸ் டூவும் தேர்வின்றித் தேர்ச்சி. அந்த முடிவைக்கூடப் பதாகையில் போட்ட பள்ளிகளை நான் பார்த்தேன். கோபம் வந்தது.

13 ஜூலை

மாணவர்களின் கற்றல் நிலையை அளக்கும் மத்திய அரசின் ‘பரக்’ ஆய்வு முடிவு வந்திருக்கிறது. 2024 டிசம்பர் 4இல் மூன்று, ஆறு, ஒன்பதாம் வகுப்புகளில் நடத்தியது, 21 லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் எழுதினார்கள். முன்பு ‘நாஸ்’ (தேசிய அடைவு ஆய்வு) என்று 2017இலும் 2021இலும் நடந்ததன் தொடர்ச்சி.

இதையும் பொதுத்தேர்வையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது மாதிரிக் கணக்கெடுப்பு. எந்த மாணவருக்கும் மதிப்பெண் சான்று கிடையாது, எந்த ஆசிரியரும் இதற்காக எழுந்து நிற்க வேண்டியதில்லை. அதனால்தான் பொதுத்தேர்வு விகிதத்தைவிட இதை நான் அதிகம் நம்புகிறேன். பிரதம் என்ற தொண்டு நிறுவனத்தின் ‘ஏசர்’ ஆய்வு இன்னும் எளிது. வீட்டுக்கே போய் இரண்டாம் வகுப்புப் பத்தி ஒன்றைப் பிள்ளையை வாசிக்கச் சொல்கிறார்கள். நாட்டின் கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்பில் அதை வாசித்தவர்கள் 2018இல் 27.3 சதவீதம், 2022இல் 20.5, 2024இல் 27.1. பள்ளி மூடிக்கிடந்ததன் விலையும் அதிலிருந்து மீண்டதும் இந்த மூன்று எண்களில் தெரிகின்றன. வீட்டுக்குப் போவதால் பள்ளியை விட்டுப்போன பிள்ளையும் அவர்கள் கண்ணில் படுகிறது.

10 ஆகஸ்ட்

மாநிலக் கல்விக் கொள்கை வந்துவிட்டது. பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு இந்த ஆண்டு முதல் இல்லை. பிள்ளைகளுக்கு மூன்று ஆண்டு தொடர் பொதுத்தேர்வு என்ற சுமை குறைகிறது, வரவேற்கிறேன். ஆனால் 2017-18இல் அதை ஏன் கொண்டுவந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. பிளஸ் டூ விகிதமும் சென்டமும் மட்டுமே எண்ணப்பட்டதால், பல பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமலே பிளஸ் டூ பாடத்தை இரண்டு ஆண்டும் நடத்தின. கல்லூரிக்குப் போன பிள்ளைகள் முதல் பருவத்திலேயே தடுமாறினார்கள். விகிதத்தின் மீதான வெறி அப்படியே இருக்கும்போது பூட்டை மட்டும் கழற்றினால் பழைய வழக்கம் திரும்பும். பிளஸ் ஒன்னில் பிள்ளை வைத்திருப்பவர்கள் இப்போதே பாடப்புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள், எந்த வகுப்புப் பாடம் நடக்கிறது என்று.

11 ஆகஸ்ட்

முதலில் கேள்வி கேட்ட அம்மா மீண்டும் எழுதியிருக்கிறார். ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர், பிளஸ் டூ எழுதியவர்கள் எத்தனை பேர் என்று தனியார் பள்ளியில் கேட்டாராம். “அதெல்லாம் வெளியில் சொல்வதில்லை” என்றார்களாம். அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் பதிவேட்டை எடுத்துக் காட்டியிருக்கிறார். பிளஸ் டூவில் தவறியவர்களில் பலர் பத்தாம் வகுப்பிலும் பதினொன்றிலும் வெளியிலிருந்து வந்து சேர்ந்தவர்கள் என்று விளக்கியும் இருக்கிறார். மகளை அங்கேயே சேர்த்துவிட்டதாக எழுதுகிறார். அங்கே கணக்குக்கு நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா. இல்லையென்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் விடாமல் கேளுங்கள்.

இந்த விவரத்தைப் பெற்றோர் அலைந்து கேட்கத் தேவையே இல்லை. தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் கல்வித் துறையின் கணினிப் பதிவேட்டில் ‘எமிஸ்’ எண் இருக்கிறது. பள்ளி மாறும்போது பெயர் பொதுத் தொகுப்புக்குப் போய், அடுத்த பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்கிறது. எந்தப் பள்ளியில் ஒன்பதில் எத்தனை பேர் இருந்தார்கள், அவர்களில் யார் எங்கே போனார்கள், யார் எங்கும் சேராமல் தொகுப்பிலேயே நிற்கிறார்கள் என்பது துறையின் கணினியில் இப்போதே இருக்கிறது. தேர்வு முடிவு வெளியிடும் நாளில் தேர்ச்சி விகிதத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தியாக இதையும் போட வேண்டும். புதிய தேர்வு வேண்டாம், புதிய செலவும் வேண்டாம்.

அதுவரை தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுதலாம். 2021-22இல் ஒன்பதாம் வகுப்பில் பதிவானவர்கள், அவர்களில் மாற்றுச் சான்றிதழ் பெற்றுப் போனவர்கள், 2025 மார்ச்சில் பிளஸ் டூ எழுதியவர்கள். பள்ளிவாரியாக இந்த மூன்று எண்கள் போதும். மனுவை எப்படி எழுதுவது என்று தெரியாதவர்கள் இங்கே கேளுங்கள், வாசகத்தை எழுதித் தருகிறேன்.